உனக்கு ஏற்கெனவே சுகர் இருந்ததாம்

போன வாரம் அரசு ஆஸ்பத்திரியில் சுகர் பார்க்கும் அறைக்குப் போயிருந்தேன். ஆமாம், எனக்கும் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் "வா டீச்சரு, வா" என்று கைதட்டிச் சிரித்திருப்பாய். நர்ஸ் என் விரல் நுனியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் வட்டக்கானலில் உன் அடுக்களை ஜன்னல் கண்முன் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சேலைகூட மாற்றாமல், அந்த ஜன்னலோரம் நின்று இதேபோல் விரலைத் துடைத்து, ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் காட்டுவாய். எண் வந்ததும் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி தலையை ஆட்டிக்கொள்வாய். அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பாய்.

எனக்குப் பின்னால் நின்றிருந்த ஒருவர், ஏரிக்கரையில் கடை வைத்திருப்பவர், நர்ஸிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கொரோனால போனவங்க எல்லாருமே இந்தச் சுகர், பிரஷர் கேசுங்கதானம்மா? நல்லா இருந்தவங்களுக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல."

நர்ஸ் தலையாட்டினாள். என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி நல்லாத்தாங்க இருந்தா. அவளும் போயிட்டா."

"அவங்களுக்குச் சுகர் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"அதத்தாங்க சொல்றேன்" என்றார். வழக்கு முடிந்துவிட்டது அவருக்கு.

விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகாமல் ஏரியைச் சுற்றி நடந்தேன். நீ போய் இத்தனை வருஷமாகியும் என் கோபம் ஆறவில்லை. அந்த மனிதரிடம் சொல்லியிருக்க வேண்டியதை உன்னிடம் சொல்லப் போகிறேன். உனக்கு நடந்ததை உனக்கே சொல்வதா என்று கேட்பாய். பாதிக்கு மேல் நீ நினைவில்லாமல் கிடந்தாய். அதன் பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது.

நான் கன்னிவாடியிலிருந்து மலையேறி வந்து இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராகச் சேர்ந்தபோது, ஊருக்குள் எங்கே கேட்டாலும் அறை கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் சுற்றுலா வருகிறவர்களுக்கு வைத்திருந்தார்கள். யாரோ வட்டக்கானலுக்குப் போகச் சொன்னார்கள். சரிவில் இறங்கி வந்து உன் வாசலில் பெட்டியோடு நின்றேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரூம் தாரேன். ஆனா சீசன்ல மட்டும் என்கூட அடுக்களைல படுத்துக்கிடணும். ரூம வெள்ளக்காரனுக்கு விடணும், சம்மதமா?" என்றாய். சம்மதித்தேன். அப்படியே உன் அடுக்களையில் படுத்துப் படுத்துத்தான் நாம் சிநேகிதிகள் ஆனோம். எனக்குக் கல்யாணமாகி ஊருக்குள் குடிபோன பிறகும் வாரத்தில் ஒருநாள் உன் வீட்டில் சாப்பிடாமல் இருந்ததில்லை.

நீ இதே மலைமேல் இருக்கிற போளூர்க்காரி. உருளைக்கிழங்கும் பூண்டும் விளைகிற மண்ணில் பிறந்தவள். ஜீப் ஓட்டுகிற அந்தோணி அண்ணனைக் கட்டிக்கொண்டு வட்டக்கானலுக்கு வந்து, இருந்த வீட்டிலேயே இரண்டு அறையை ஒழுங்குபண்ணி, எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்கிய பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டாய். அவர்கள் ஊர்ப் பாஷையில் நாலு வார்த்தை பேசுவாய். அவர்கள் காலையில் கேட்கிற தக்காளியும் முட்டையும் போட்ட பண்டத்தை அவர்கள் வீட்டு அம்மாக்களைவிட நன்றாகச் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். மேலே ஊரிலிருந்து காய்கறி மூட்டையைத் தலையில் வைத்து அந்தச் செங்குத்துப் பாதையில் நீ இறங்கி வருவதைப் பார்த்து, தடியும் பையுமாக வந்த இளசுகள் ஒதுங்கி வழிவிடுவார்கள். உனக்கு மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் ஒரு அட்டை கடித்த புண் உன் கணுக்காலில் ஆறாமல் கிடந்தது. அதைக் காட்டப் போன இடத்தில்தான் சுகர் என்றார்கள். அன்றைக்கு முழுக்க அழுதாய். மறுநாள் நான் வந்தபோது கருப்பட்டி டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, சர்க்கரை இல்லாத காபியைக் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "உருளைக்கெழங்கு வெளையிற ஊர்ல பொறந்துட்டு உருளைக்கெழங்கு திங்கக் கூடாதாம்ல, இதென்ன நியாயம் டீச்சரு?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிப் புலம்பவில்லை. கேழ்வரகுக்கும் கீரைக்கும் மாறினாய். உன் வீட்டில் தங்கிப்போன ஒரு டாக்டர் படிப்புப் பெண் சுகர் பார்க்கும் மெஷினை உனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். யாராவது பரிதாபமாகப் பார்த்தால் உடனே சொல்வாய்: "சுகர் எங்கிட்ட வாடகைக்கு வந்தவ. வீட்டுக்காரி நாந்தான்."

வெள்ளிக்கிழமை சுகர் கிளினிக்கில் இருந்த லேடி டாக்டருக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். புதிதாக வந்து அழுகிறவர்களிடம் உன்னைக் காட்டி, "இவங்களப் பாருங்க, இவங்கள மாதிரி இருங்க" என்பார். சுகரோடு பிரஷரும் வந்து சேர்ந்தபோதும் நீ அதையும் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டாய்.

இதுதான் அந்தக் கடைக்காரர் சொன்ன "கேசு".

பிறகு கொரோனா ஊரடங்கு என்று மலையை மூடினார்கள். அதை மூடாமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூடும்போது உள்ளே இருக்கிறவர்களுக்கு என்ன வழி என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. சுகர் கிளினிக் நடந்த அறை காய்ச்சல் வார்டாக மாறியது. அவசரம் இல்லாதவர்கள் வர வேண்டாம் என்று வாசலில் ஒட்டினார்கள். லேடி டாக்டரைக் கீழே கொரோனா டியூட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை வாங்கப் போனால் ஒருதடவை ஒன்று இருக்கும், மற்றது இருக்காது. இன்னொரு தடவை பஸ்ஸே இருக்காது. பரிசோதனை என்ற பேச்சே இல்லை. உன் மெஷினில் ரத்தம் தொட்டு வைக்கிற பட்டை மதுரையிலிருந்து வரவேண்டும், அதுவும் நின்றுபோனது.

உன் அறைகள் இரண்டும் பூட்டிக்கிடந்தன. அந்தோணி அண்ணன் ஜீப்பும் நின்றது. வீட்டில் கிடந்தது ரேஷன் அரிசி மட்டும்தான். எத்தனையோ வருஷமாக ஒருபிடிக்கு மேல் சோறு தின்னாதவள், மூன்று வேளையும் அதையே பொங்கித் தின்றாய். ஒருநாள் வந்தபோது அரிவாள்மனையில் மாத்திரையை வைத்துப் பாதியாக நறுக்கிக்கொண்டிருந்தாய்.

"என்ன பண்ற?"

"இருக்கிறத இழுத்துப்பிடிச்சு ஓட்டணும்ல? பாதி போட்டா பாதியாவது கேக்கும்."

அப்போதே உன் முகம் வற்றியிருந்தது. ராத்திரியெல்லாம் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதாகச் சொன்னாய். எனக்குத் தெரிந்த மருந்துக் கடையில் சொல்லிக் கொஞ்சம் மாத்திரை வாங்கிவந்தேன். அதுவும் எத்தனை நாளுக்கு வரும்? சுகர் உன்னிடம் வாடகைக்கு இருந்தவள்தான். அவளை வீட்டுக்காரி ஆக்கியது நீ இல்லை.

அடுத்த வருஷம் தடுப்பூசி வந்தது. வயதானவர்களுக்கும், நாற்பத்தைந்துக்கு மேலே நோய் உள்ளவர்களுக்கும் முதலில் என்றார்கள். நீ துள்ளிக்கொண்டு கிளம்பினாய். "சுகர் வந்து எனக்கு ஒரு நல்லது பண்ணிருக்கு பாரு, ஒன்னைய முந்திக்கிட்டேன்" என்று என்னைக் கேலி பண்ணிக்கொண்டே மேட்டில் ஏறினாய். எனக்கு நோய் இல்லாததால் முறை வரவில்லை, துணைக்கு வந்தேன். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"சர்டிபிகேட் இருக்கா?"

"என்ன சர்டிபிகேட்டுங்க?"

"ஒங்களுக்குச் சுகர் இருக்குன்னு டாக்டர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்."

நீ மாத்திரைப் பட்டையை எடுத்துக் காட்டினாய். இந்த ஆஸ்பத்திரியே கொடுத்த சுகர் நோட்டைக் காட்டினாய். கணுக்காலில் இருந்த பழைய தழும்பைக்கூடச் சேலையை ஒதுக்கிக் காட்டினாய்.

"அதெல்லாம் செல்லாதும்மா. டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

"அந்த டாக்டரம்மாவத்தான் நீங்க கீழ அனுப்பிட்டீங்களேங்க?"

"அதுக்கு நா என்ன செய்ய? அடுத்த ஆளு வாங்க."

திரும்பி வரும்போது நீ சிரிக்கவில்லை. "சுகர் இருக்குன்னு நிரூபிக்கணுமாம்ல டீச்சரு" என்று மட்டும் சொன்னாய். பிறகு எல்லோருக்கும் போடலாம் என்று அறிவித்தார்கள். நாம் இரண்டு பேரும் போனோம். அன்றைக்கு இருப்பு இல்லை என்று பலகை தொங்கியது. மறுபடி போனோம். மறுபடியும் பலகைதான். அதற்குள் இரண்டாவது அலை மலைக்கு வந்துவிட்டது.

உனக்கு நோய் இருப்பதை ஊசி போடுவதற்காக நிரூபிக்கச் சொன்னவர்கள், நீ செத்த பிறகு எந்த நிரூபணமும் கேட்கவில்லை. அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உன் வீட்டில் காய்ச்சல் முதலில் அந்தோணி அண்ணனுக்குத்தான் வந்தது. ஜீப் நின்றதும் கூலிக்குக் காய்கறி லோடு ஏற்றி இறக்கப் போன இடத்தில் பிடித்திருக்கும். அவருக்கு லேசாக வந்து போய்விட்டது. உனக்கு விடவில்லை. பாத்திரம் கழுவ எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதாக உன் மகள் மெர்சி போனில் சொன்னாள். மூச்சு வாங்கி ஒருநாளும் பார்த்திராத அம்மா, நாலு வார்த்தை பேச நாலு தடவை நிறுத்துவதைக் கேட்டு அவள் பயந்துபோனாள். மேலே ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் அளவைப் பார்த்துவிட்டு உடனே கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். அண்ணனை வீட்டை விட்டு வெளியே வரவிடவில்லை. மெர்சிதான் உன்னோடு ஆம்புலன்ஸில் ஏறினாள். ஓடிவந்த என்னிடம் ஆஸ்பத்திரி வாசலில் நீ சொன்னது, "கோழிக்குத் தண்ணி வைக்கச் சொல்லு" என்பதுதான்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அந்த மாதத்தில் எல்லா ஆஸ்பத்திரியும் அப்படித்தான் இருந்தது என்கிறார்கள். இருக்கலாம். ஆக்ஸிஜன் மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு நீ எனக்குப் போன் பண்ணினாய்.

"டீச்சரு, இவங்க என் சுகரப் பாக்கவே இல்ல. வந்ததுலருந்து மாத்திரையும் இல்ல. ஊசி மட்டும் போடறாங்க. வாயெல்லாம் வறண்டு கெடக்கு. காலைல எல்லாருக்கும் குடுக்கிற மாதிரி எனக்கும் ரொட்டியும் ஜாமும் குடுத்தாங்க. வேணாம்னு சொன்னேன். வேற இல்லன்னுட்டாங்க."

"நர்ஸுட்டச் சொன்னியா?"

"வர்றவங்க எல்லார்ட்டயும் சொல்றேன். மண்டைய ஆட்டிட்டுப் போறாங்க. எனக்கு உள்ள ஏறிக்கெடக்குன்னு தெரியுது டீச்சரு. எனக்குத் தெரியாதா?"

உனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நான் உன் வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளையும், ஒருவழியாகக் கிடைத்த பட்டையோடு உன் மெஷினையும் ஒரு டிபன் பாக்ஸில் போட்டேன். பஸ் இல்லை. கார் போக அனுமதி இல்லை. காய்கறி வண்டிக்கு மட்டும் தடை இல்லை. மறுநாள் வெள்ளனே போய் ஒரு கேரட் வண்டிக்காரரிடம் கெஞ்சி, முன்சீட்டில் உட்கார்ந்து மலையிறங்கினேன். சோதனைச் சாவடியில் போலீஸ்காரர், "நீங்க யாரும்மா இதுல?" என்றார். "லோடு கூட வந்த ஆளு" என்றேன். கேரட்டோடு கேரட்டாக என்னையும் விட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்றவர் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, வெளி மாத்திரை உள்ளே போகக் கூடாது என்றார். நான் சத்தம் போட்டேன். ஆயுளில் ரோட்டில் நின்று அப்படிக் கத்தியது அன்றைக்குத்தான். மெர்சி கீழே வந்து என் கையைப் பிடித்து அழுதாள். சத்தம் கேட்டு, கவச உடையைக் கழுத்துவரை இறக்கிவிட்டபடி ஒரு நர்ஸ் மூச்சுவிட வெளியே வந்தாள். சின்னப் பெண். முகமெல்லாம் மாஸ்க் அழுத்திய தடம்.

"மேடம், மொதல்ல மூச்சு. பெறகுதான் சுகர். எங்க நெலமையப் பாருங்க."

"அவளுக்கு ரெண்டும் வேற வேற இல்லம்மா. நீங்க போடற ஊசியே சுகர ஏத்தும்னு எங்க ஊர் மருந்துக் கடைக்காரருக்குக்கூடத் தெரியுதே. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

கோபப்படுவாள் என்று நினைத்தேன். டிபன் பாக்ஸிலிருந்து மெஷினை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வார்டு முழுவதையும் அவள் ஒருத்தி தலையில் கட்டியவர்கள்மேல்தான் கோபம்.

கொஞ்ச நேரத்தில் மெர்சி ஓடிவந்தாள்.

"மெஷின்ல நம்பரே வரல ஆன்ட்டி. 'ஹை'ன்னு எழுத்து மட்டும் வருது. அளக்க முடியாத அளவுக்கு மேல இருக்குன்னு அந்தக்கா சொல்றாங்க. டாக்டரக் கூப்பிட்டு வரப் போயிருக்காங்க."

நர்ஸ் கூப்பிட்ட டாக்டர் வந்தார். இன்சுலின் ஏற்றினார்கள். நீ நாக்கு ஈரமாகிக் கண்ணைத் திறந்தாய். இட்லி கேட்டாய். மெர்சியின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டு, மெஷினைப் பத்திரமாகத் திருப்பி வாங்கச் சொன்னாய், அடுத்த சீசனுக்கு அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றாய். உனக்கு அடுத்த படுக்கையில் உங்கள் போளூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தாரே, இருதயத்தில் குழாய் வைத்தவர், சுகரும் உள்ளவர், அவரைப் பற்றியும் பேசினாய். அவர் மகன்கள் இரண்டு பேர் மாறி மாறிக் கூடவே இருந்து, மாத்திரையும் சாப்பாடும் காவலுக்குத் தெரியாமல் வெளியிலிருந்தே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பிழைத்து நடந்து போனார். எதிர்ப்படுக்கையில் ஒரு நோயும் இல்லாத வாலிபன் போய்விட்டான். மறுநாள் அவனுக்காக எல்லோரும் அழுதார்கள். "ஒண்ணுமே இல்லாத பையன்" என்றார்கள்.

உனக்கு நல்லது நடக்கும் என்று நான் நம்பினேன். ஆனால் அதற்குள் நுரையீரல் மிக மோசமாகிவிட்டிருந்தது. சிறுநீரகமும் சேர்ந்து தளர்ந்தது. மூச்சுக்காக உன் தொண்டையில் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. மெர்சி உன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது போனாய்.

உன்னை மலைக்குக் கொண்டுவந்தோம். நாலே பேர் நின்று கல்லறையில் வைத்தோம். மறுநாள் பத்திரிகையில் மாவட்டவாரியாக வந்த இறப்புச் செய்தியில் உன் பெயர் இல்லை. பெண், வயது, அதற்குப் பக்கத்தில் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம். அவ்வளவுதான். துக்கம் கேட்க வந்தவர்கள், வாசலுக்கு வெளியே மாஸ்க்கோடு நின்று, ஆளுக்கு ஆள் அதையே சொன்னார்கள். "அவங்களுக்கு ஏற்கெனவே சுகர் இருந்துச்சுல்ல." சொல்லிவிட்டு அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். நான் கவனித்தேன். அவர்களுக்குச் சுகர் இல்லை, அதனால் சாவும் இல்லை என்கிற நிம்மதி. உனக்காக அழ வந்தவர்கள் தங்களுக்கு ஆறுதல் தேடிக்கொண்டு போனார்கள்.

'இணை நோய்' என்று ஒரு வார்த்தையை அந்த நாட்களில் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். நான் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். ஒரு சொல் இப்படிக் கதவைச் சாத்துவதை நான் பார்த்ததில்லை. அதைச் சொன்னதும் கேள்வி முடிந்துவிடுகிறது. மாத்திரை ஏன் கிடைக்கவில்லை, தடுப்பூசி ஏன் போடவில்லை, சுகரை ஏன் பார்க்கவில்லை என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

நான் கேட்டேன். வண்டிகள் ஓட ஆரம்பித்ததும் அந்த லேடி டாக்டர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக் கீழே போனேன். உன் பெயரைச் சொன்னதும் அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு நீ இறந்தது தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கேட்டேன்.

"டாக்டர், மறைக்காமச் சொல்லுங்க. சுகர் இருந்ததாலதான் செத்தாளா?"

அவர் யோசித்துவிட்டுத்தான் பேசினார். "சுகர் இருக்கிறவங்களுக்கு ஆபத்து கூடுதல்தான் டீச்சர். அது உண்மை. பிரஷர், இருதயம், கிட்னி எதுல கோளாறு இருந்தாலும் கூடுதல்தான். ஆனா கட்டுக்குள்ள இருக்கிற சுகரும் அவுத்துவிட்ட சுகரும் ஒண்ணு இல்ல. ரத்தத்துல சர்க்கர ஏறிக் கெடந்தா உடம்பு கிருமியோட சண்டை போட முடியாது. இந்த நோயே வேற சுகர ஏத்துது. நுரையீரலக் காப்பாத்தப் போடற ஸ்டீராய்டும் ஏத்துது. அதனாலதான் வேளைக்கு வேளை பாத்து, இன்சுலின் குடுத்துக்கிட்டே அதப் போடணும்."

"மலைய மூடறதுக்கு முன்னாடி இருந்த மாதிரி அவ சுகர் இருந்திருந்தா?"

"பொழைச்சிருப்பாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா பொழைக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்." தொடர்ந்து சொன்னார்: "சர்டிபிகேட் கேட்டாங்கன்னு சொன்னீங்களே. நான் அங்க இருந்திருந்தா நின்னுக்கிட்டே எழுதிக் குடுத்திருப்பேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உனக்காக, தன்னைத் தேற்றிக்கொள்ளாமல் வருத்தப்பட்ட ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொன்று சொல்கிறேன், கேட்டால் உனக்கே வயிறு எரியும். நீ போய்ச் சில மாதத்தில், சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வட்டக்கானல் சரிவில் இறங்கி வீடுவீடாக வருகிறாள். வாசலிலேயே பிரஷர் பார்க்கிறாள், விரலில் குத்திச் சுகர் பார்க்கிறாள். நல்ல பெண். நல்ல காரியம். உன் பக்கத்து வீட்டுக்காரி அவளுக்குக் காபி கொடுத்து உட்காரவைக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் பூட்டிக்கிடந்த உன் அறைகளின் வாசலில் நின்றேன். ஆக, முடியாத காரியம் இல்லை. ஒரு பெண்ணும் ஒரு பையும் போதும். மலையை மூடிய அன்றைக்கே அவள் இறங்கி வந்திருந்தால் நீ அரிவாள்மனையில் மாத்திரை நறுக்கியிருக்க மாட்டாய்.

உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு மெர்சியும் அண்ணனும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். புதிதாக வந்திருந்த ஃபாதர், உன்னை அறியாதவர், யாருக்காகப் பூசை என்கிற கருத்துகளை வாசித்தார். "நீண்ட நாட்களாக நோயுற்றிருந்து, கொரோனாவால் இறைவனடி சேர்ந்த நம் சகோதரி" என்று ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன். கோயிலில் அப்படிச் செய்யலாமா என்று யோசிக்க நேரம் இல்லை.

"ஃபாதர், மன்னிக்கணும். அவ நோயுற்றிருந்தவ இல்ல."

அண்ணன் என் சேலையைப் பிடித்து இழுத்தார். ஃபாதர் கோபப்படவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப எப்படிச் சொல்லட்டும் டீச்சர்?"

இத்தனை கோபமும் இருந்து, உன்னை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் மெர்சி எழுந்தாள். குரல் உடையாமல் சொன்னாள்:

"வட்டக்கானல்ல வீடு நடத்துனவங்கன்னு சொல்லுங்க ஃபாதர். எங்கெங்கருந்தோ வந்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டவங்கன்னு சொல்லுங்க."

அவர் அப்படியே சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். பின்வரிசையில் யாரோ விம்முவது கேட்டது. அது உன்னை நோயாளி என்று சொன்னவர்களில் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது பனி இறங்கியிருந்தது. ஃபாதர் என்னோடு வாசல்வரை நடந்து வந்தார். "உங்க வருத்தம் எனக்குப் புரியுது டீச்சர். ஆனா இந்தக் கோபத்த எத்தன நாளைக்குச் சொமப்பீங்க? ஆண்டவர்ட்ட எறக்கி வச்சிருங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"வைக்கிறேன் ஃபாதர்" என்றேன். "யாராவது ஒருத்தர் வந்து, நாங்க அவளக் கவனிச்சுப் பாக்கலன்னு சொல்லட்டும். அன்னைக்கு எறக்கி வைக்கிறேன்."

இதுவரை யாரும் வரவில்லை.